கிணற்றுத் தண்ணீரும் நீல அச்சும்: வன்னியில் சயனோடைப் பழகிய அனுபவம்

சயனோடைப் என்னும் நீல அச்சைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது வெயிலைப் பற்றித்தான். அந்த விடயத்தில் வன்னியில் இருக்கும் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை வெயில் எரித்துக்கொண்டுதான் இருக்கிறது, அதற்குக் காசும் இல்லை. ஆனால் எனது 38,000 ரூபாயையும் ஒரு சோளகக் காலம் முழுவதையும் விழுங்கியவை வெயிலோடு சம்பந்தப்படாத சாமான்கள்: கடை மாற்றி அனுப்பிய ஒரு போத்தல், வாகனத் திருத்தகத்தில் கிடைத்த கண்ணாடி, சலவைத் தூள், எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர். நான் பார்த்த வீடியோக்களில் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவற்றைச் செய்தவர்கள் குழாயைத் திறந்தால் மென்னீர் வருகிற ஊர்க்காரர்கள். கழுவுவது அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை. கேட்டுத் தெளிய எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எந்தப் பக்கத்திலிருந்தாவது இதைத் தொடங்க நினைப்பவர்கள், நான் காசைக் கொட்டிய அதே இடங்களில் தாங்களும் கொட்ட வேண்டாம் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தையல்காரி. தர்மபுரத்தில் வீட்டிலேயே மெஷின் வைத்துத் தைக்கிறேன். பாடசாலைச் சீருடை வேலை முடிந்தால் அடுத்த பெருநாள் வரும்வரை கை சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் வேறு என்ன செய்யலாம் என்று தேடியபோதுதான், நீலத் துணியின் நடுவே இலைகள் வெள்ளை வெளேரென்று விழுந்திருந்த ஒரு மேசைவிரிப்பைக் கைத்தொலைபேசியில் கண்டேன். சாயம் காய்ச்ச வேண்டாம், அச்சுக்கட்டை செதுக்க வேண்டாம், இயந்திரம் வேண்டாம். இரண்டு உப்புகளைத் தண்ணீரில் கரைத்துக் கலந்து, துணியிலோ கடதாசியிலோ பூசி, இருட்டில் காயவிட்டு, மேலே இலையை வைத்து வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் கழுவினால் முடிந்தது. வெயில் பட்ட இடம் நீலம், இலை மறைத்த இடம் வெள்ளை. 1842 இல் ஜோன் ஹேர்ஷல் என்ற ஆங்கிலேய வானியலாளர் கண்டுபிடித்த முறை இது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி காய்ந்த கடற்பாசிகளைக் கடதாசியில் வைத்து அச்சிட்டு நூலாக வெளியிடத் தொடங்கிவிட்டார். பொறியியலாளர்கள் ஒரு காலத்தில் புளூபிரின்ட் என்று சுருட்டி வைத்திருந்த வரைபடங்களும் இதே இரசாயனம்தான். நூற்றெண்பது ஆண்டுப் பழைய வித்தை, மின்சாரமே இல்லாத காலத்தில் ஒரு பெண் செய்து காட்டியது, எனக்கு மட்டும் ஏன் வராது என்று துணிந்துவிட்டேன்.

வேண்டிய உப்புகள் பெரிக் அமோனியம் சித்திரேற்று, பொற்றாசியம் பெரிசயனைட்டு என்ற இரண்டுதான். கிளிநொச்சியில் விவசாய மருந்துக் கடைக்குக் குறைவில்லை. ஆய்வுகூடச் சாமான் விற்கும் கடை நான் தேடிய வரையில் அகப்படவில்லை. இத்தனைக்கும் 1950களில் அரசாங்கம் பரந்தனில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையையே நிறுவியது. அங்கே கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். போர் தொடங்கி அது நின்றுபோயிற்று. நாட்டுக்கே இரசாயனம் அனுப்பிய ஊரிலிருந்து நூறு கிராம் உப்புக்காகக் கொழும்புக்குத் தொலைபேசி எடுக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெயர்களைச் சொன்னேன், வங்கியில் காசைப் போட்டேன், பொதி வந்தது. பெரிசயனைட்டுக்குப் பதிலாகப் பெரோசயனைட்டு வந்திருந்தது. எனக்கு அப்போது அந்த வித்தியாசம் தெரியாது. போத்தலுக்குள் வெளிர்மஞ்சள் பளிங்குகள் இருந்தன. இரவு குசினியில் இரண்டு கரைசல்களையும் ஒரு வெறும் தயிர்க் கோப்பையில் ஊற்றினேன். ஊற்றிய கணமே கோப்பை முழுக்கக் கருநீலமாகி, கரண்டியால் கிளறக் கிளறச் சேறாகத் தடித்தது. வெளிச்சம் படாமலே இவ்வளவு நீலமா என்று அன்றிரவு சந்தோஷமாகத்தான் படுத்தேன். மறுநாள் துணியில் பூசிக் கழுவியபோது அத்தனை நீலமும் வாளித் தண்ணீரோடு போய்விட்டது.

சரியான சாமான் மாதுளை முத்து நிறத்தில் சிவப்புப் பளிங்காக இருக்கும், கரைத்தால் மஞ்சளாகும். மற்ற உப்பின் கரைசலோடு சேர்த்த பிறகும் கலவை மஞ்சள் கலந்த பச்சையில் தெளிவாக நிற்க வேண்டும். கலந்த உடனே நீலமானால் அது தவறான உப்பு அல்லது பழுதான உப்பு, மேலே செல்லாதீர்கள். சித்திரேற்றிலும் பச்சை, கபிலம் என்று இரண்டு வகை உண்டு. பச்சையைக் கேட்டு வாங்குங்கள், அது வெயிலுக்கு விரைவாக வசப்படும். காசு போடுவதற்கு முன் போத்தலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திறந்த போத்தலைக் கடை திருப்பி எடுக்கவில்லை. எனக்கு 6,500 ரூபாய் அத்தோடு போயிற்று. மலிவாக வருகிறது என்று அரைக் கிலோவும் வாங்க வேண்டாம். சித்திரேற்று காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாரி வந்தால் மூடி இறுக்கமாக இல்லாத போத்தலுக்குள் தூள் நனைந்து கட்டிபட்டுவிடும். நூறு கிராம் சித்திரேற்றும் ஐம்பது கிராம் பெரிசயனைட்டும் பழகுகிறவருக்குத் தாராளம்.

இரண்டாவது பொதியில் சரியான சாமான் வந்தது, கூடவே வேறொரு கரைச்சலும் வந்தது. போத்தலில் ஒட்டியிருந்த பெயரின் பின்பாதி அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. சயனைட் என்று கண்டால் வன்னியில் ஒரு தாய்க்கு என்ன ஞாபகம் வரும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போத்தலைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, வேலிக்கு வெளியே பூவரசங் கிளையில் கொழுவிவிட்டு வந்து, "பிள்ளை, அது இந்த வீட்டுக்குள் வரக் கூடாது" என்று மட்டும் சொன்னார். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் அக்காவின் மகன் வந்து, "அம்மம்மா, இதில் அது இரும்போடு இறுக்கமாகப் பிணைந்து கிடக்கிறது, சும்மா கழன்று வராது" என்று பொறுமையாக விளங்கப்படுத்திய பிறகுதான் போத்தல் உள்ளே வந்தது. அப்போதும் குசினிக்குள் இல்லை, தையல் அறை வரைக்கும்தான். அம்மாவின் பயத்தில் பாதி நியாயம் இருந்தது என்பதை அவனே எனக்குத் தனியாகச் சொன்னான். பெரிசயனைட்டைப் பற்றரி அசிட், மலசலகூடம் கழுவும் அசிட் போன்ற கடும் அமிலங்களோடு சேர்த்தாலோ அவற்றோடு சூடாக்கினாலோ நச்சு வாயு வெளியேறும். ஆகையால் இரண்டையும் ஒரே தட்டில்கூட வைக்க வேண்டாம். கழுவும் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விடுவதால் ஒன்றும் ஆகாது. சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், கையுறை போடுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், கழிவு நீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் போத்தல் வருவதற்கு முன்பே உட்கார்ந்து கதைத்துவிடுங்கள். அது எந்த வீடியோவிலும் சொல்லாத ஆயத்தம்.

அளவு எளிது. 25 கிராம் சித்திரேற்று 100 மில்லிலீற்றர் தண்ணீரில், 10 கிராம் பெரிசயனைட்டு இன்னொரு 100 மில்லிலீற்றர் தண்ணீரில். கரைக்க எரிபொருள் நிலையத்தில் பற்றரிக்கு விற்கும் வடித்த நீரே போதும். மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும் கபில நிறப் போத்தல்களில் தனித்தனியாக வைத்தால் சில மாதங்கள் தாங்கும். சித்திரேற்றுப் போத்தலில் பூஞ்சணம் பிடிக்கும். பழந்துணியில் வடித்துவிட்டுப் பாவிக்கலாம். பூசும் நேரத்தில் இரண்டிலும் சம அளவு எடுத்துக் கலந்து அன்றே முடித்துவிட வேண்டும். இரும்பு வளையம் போட்ட தூரிகை ஆகாது. துருவின் துகள் விழுந்த இடமெல்லாம் நீலப் பொட்டுகள் கிளம்பும். நான் பஞ்சுத் துண்டால் பூசுகிறேன். இருட்டறை என்று தனியாக ஒன்று தேவையில்லை; மங்கலான மஞ்சள் பல்பின் கீழ் இரவில் தாராளமாக வேலை செய்யலாம். பகலில்தான் ஆபத்து. எங்கள் தையல் அறைக்குத் தகரக் கூரை. யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டுப் பகலில் ஒரு துணியைக் காயப் போட்டேன். கழுவி விரித்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில் வரிசையாக நீலக் கோடுகள், ஒவ்வொன்றும் இருபத்தைந்து சத நாணயத்தின் அகலத்தில். கூரையின் ஆணித் துளைகளால் விழுந்த வெளிச்சம் துணியில் ஊர்ந்த பாதை அது. வேண்டுமென்று செய்தால்கூட அவ்வளவு ஒழுங்காக வராது. அன்றிலிருந்து பூசுவதும் காயவைப்பதும் இரவில்தான்.

அடுத்து கண்ணாடி. இலை காற்றில் அசையாமல் கடதாசியோடு ஒட்டிக் கிடக்க மேலே கண்ணாடி வைக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. தெரிந்த ஓர் அண்ணை வாகனத் திருத்தகத்தில் கழற்றிப் போட்டிருந்த முன்கண்ணாடி ஒன்றைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார். கனமான, தடித்த, அருமையான கண்ணாடி. அதன் கீழ் வைத்த எதுவும் நீலமாகவில்லை. பத்து நிமிடம் வைத்தேன், அரை மணித்தியாலம் வைத்தேன், உச்சி வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்தேன். கழுவினால் நோயாளி முகம்போல ஒரு வெளிறல். மருந்து சரியில்லை என்று முடிவு கட்டி இன்னும் தடிப்பாகப் பூசினேன். கடைசியில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது, கண்ணாடிக்கு வெளியே ஒரு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருந்த துணியின் ஓரம். அந்த ஓரம் மட்டும் கடும் நீலமாக இருந்தது. வாகன முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. அந்தப் படலம் இந்த அச்சுக்கு வேண்டிய புறஊதாக் கதிரை விழுங்கிவிடுகிறது. வெயிலைத் தாங்கவென்று செய்யப்படும் சில அக்ரிலிக் தகடுகளும் அப்படித்தான். படம் சட்டமிடும் கடையில் சாதாரண 3 மில்லிமீற்றர் யன்னல் கண்ணாடி வெட்டி, ஓரத்தைத் தீட்டித் தரச் சொல்லுங்கள். நாலு மூலைக்கும் உடுப்புக் கொழுவும் கிளிப் போதும். எந்தக் கண்ணாடியையும் சந்தேகப்பட்டால் பூசிய துண்டில் பாதியை மட்டும் மூடி வெயிலில் வைத்துப் பாருங்கள், விடை உடனே தெரியும்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன், என் காசும் மாதங்களும் கரைந்தது இங்கேதான். நல்ல கண்ணாடி வந்த பிறகு அச்சு வெயிலில் அழகாக விழுந்தது. மஞ்சட்பச்சை நிறம் முதலில் நீலம் கலந்து, பிறகு கறுத்து, கடைசியில் மங்கிய உலோகச் சாம்பல் நிறத்துக்குப் போகும். சாம்பல் வந்தால் போதிய வெயில் பட்டுவிட்டது என்று பொருள். எங்கள் பக்கத்து நண்பகல் வெயிலில் ஐந்து முதல் எட்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும் இருபது நிமிடம் இங்கே வேண்டியதில்லை. வாளியில் அமிழ்த்தியதும் மஞ்சள் கரைந்து நீலம் தெளிந்து வரும்போது பக்கத்தில் நிற்கிறவரும் வாயைத் திறந்து பார்ப்பார். அந்தச் சந்தோஷம் எனக்கு அரை மணித்தியாலம்தான். நன்றாகக் கழுவ வேண்டும் என்று சொல்லியிருந்தார்களே என்று இரவு முழுவதும் வாளியில் ஊறவிட்டால், காலையில் நீலம் பாதி இறங்கி, வெள்ளையாக இருக்க வேண்டிய இலை பழுத்த கடதாசி நிறத்தில் கிடக்கும். வெயில் போதவில்லை என்று நினைத்துக் கூடுதல் நேரம் காட்டினேன். மருந்து போதவில்லை என்று இரண்டு தரம் பூசினேன். கழுவியது போதவில்லை என்று இன்னும் அதிகம் கழுவினேன். எது செய்தாலும் மறுநாள் அதே கதை. இரண்டாவது பொதியின் பெரும்பகுதி இப்படித்தான் முடிந்தது. இராத்திரியில் மெஷினைத் திறந்து தைக்க உட்கார்ந்தால் கை ஓடாது. இந்த நேரத்தில் நாலு சட்டை தைத்திருக்கலாமே என்று மனம் கணக்குப் பார்க்கும். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் இன்னும் உறைக்கும்.

தெளிவு வந்தது ஐப்பசியின் முதல் மழையோடு. வெயிலில் வைத்த கடதாசியை எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கிணற்றடிக்குப் போக முடியாமல், பீலியால் வழிந்த மழைத் தண்ணீரைப் பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் பிடித்து அதிலேயே கழுவித் தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் அது நீலமாகவே இருந்தது, முதல் நாளைவிடக் கருமையாக. ஒரே அச்சைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கிணற்றுத் தண்ணீரிலும் மறு பாதியை மழைத் தண்ணீரிலும் ஊறவிட்டேன். மாலைக்குள் இரண்டும் ஒரே கடதாசியில் இருந்து வெட்டியவை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் கிணற்றில் சுண்ணாம்புத் தன்மை அதிகம். சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு தட்டிக் கழற்ற வேண்டும். இந்த நீலத்துக்கு, அமிலத்துக்கு எதிரான காரம்தான் சத்துரு. காரத் தன்மையுள்ள தண்ணீர் நீலத்தை உடைத்து, இரும்பை மஞ்சள் கறையாக விட்டுவிட்டுப் போகிறது. உங்கள் வீட்டுக் கேத்தலில் வெள்ளை படிகிறது என்றால் உங்களுக்கும் இதே கதிதான் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வழி எளிது, செலவும் இல்லை. முதல் கழுவலுக்கு ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கள். வினாகிரி இல்லாவிட்டால் ஒரு தேசிக்காயைப் பிழிந்து வடித்து விடலாம். மஞ்சள் கரைந்து முடியும்வரை, ஐந்து நிமிடம்போல, அதில் ஆட்டுங்கள். பிறகு மழைத் தண்ணீரிலோ, வடிகட்டி விற்கும் குடிநீரிலோ ஐந்து பத்து நிமிடம் அலசி எடுத்து நிழலில் தொங்கவிட வேண்டும். இரவு முழுக்க ஊறவிடும் பேச்சே வேண்டாம். மழைத் தண்ணீர் என்றதும் வீட்டுத்திட்டத்தோடு கட்டிக்கொடுத்த சீமெந்துத் தொட்டியை நினைக்க வேண்டாம். புதிய சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து மழைநீரையும் காரமாக்கிவிடும். பக்கத்து வீட்டுத் தொட்டித் தண்ணீரில் நான் கழுவிய ஒரு விரிப்பு கிணற்றுத் தண்ணீரைவிட மோசமாக வெளிறியது. நான் இப்போது பிளாஸ்டிக் பரல் ஒன்றில் பீலித் தண்ணீரைப் பிடித்து மூடி வைக்கிறேன். நுளம்பு வராமல் வலை கட்டுவது கட்டாயம், டெங்குக்கு அபராதமும் கட்டி அச்சும் போடுவதென்றால் கட்டுப்படியாகாது. நீலம் உடனே கருக்க வேண்டும் என்று அவசரப்படுபவர்கள் மருந்துக் கடையில் விற்கும் ஐதரசன் பெரொட்சைட்டில் சில துளிகளைக் கடைசி அலசலில் விட்டுப் பார்க்கலாம். அது ஒரு நாள் காற்றில் தானாக நடக்கும் வேலையை ஒரு நிமிடத்தில் செய்யும். அதற்கு மேல் அதில் விசேஷம் இல்லை.

கடதாசியிலும் இதே காரம் ஒளிந்திருக்கிறது. பல கடதாசிகளுக்குள் சுண்ணாம்புத் தூள் சேர்த்தே தயாரிக்கிறார்கள். புத்தகக் கடையில் வாங்கிய பிறிஸ்டல் போர்ட்டில் மருந்து திட்டுத் திட்டாகப் பிடித்தது, போட்டோக் கொப்பிக் கடதாசி தண்ணீரில் கிழிந்தது, கிழியாமல் பிழைத்ததும் சில வாரத்தில் வெளிறியது. வாங்குவதற்கு முன் ஒரு துண்டு கேட்டு வாங்கி ஒரு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள்; நுண்ணிய குமிழி கிளம்பினால் அந்தக் கடதாசி வேண்டாம். பருத்தியில் செய்த தடித்த நீர்வர்ணக் கடதாசிதான் நிற்கிறது. விலை கண்ணைக் கட்டும். ஆனால் மலிவுக் கடதாசியில் பத்து பாழாக்குவதைவிட அதை எட்டாக வெட்டி எட்டு நல்ல அச்சு எடுப்பது இலாபம். இலைகளை முதல் நாளே பழைய பத்திரிகைக்குள் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். பச்சையாக வைத்தால் கண்ணாடிக்கு அடியில் வேர்த்து, அந்த ஈரம் மருந்தைக் கரைத்து, விளிம்பெல்லாம் ஊறிப்போகும். வேப்பிலையும் முருங்கைக் கொழுந்தும் சிறப்பாக விழும். பப்பாசி இலை பெரிய விரிப்புக்கு நல்லது.

துணியில் நான் ஏமாறமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன், தொழிலே அதுதானே. கலப்புத் துணியில் மருந்து நிற்காது, முழுப் பருத்தி வேண்டும். நூலை உருவிக் கொளுத்தினால் எரிந்த கடதாசி மணமும் சாம்பலும் பருத்தி, உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டால் கலப்பு. புதுத் துணியின் கஞ்சியைக் கழுவிவிட்டே பூச வேண்டும். இவ்வளவும் தெரிந்துதான் ஏ9 வீதியில் இருக்கும் ஒரு விருந்தினர் விடுதிக்கு மேசைவிரிப்பும் தட்டுத் துணியுமாகச் செய்து கொடுத்தேன். மழைத் தண்ணீரில் கழுவிய, கண்ணைப் பறிக்கும் நீலம். இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு பையில் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். விரித்துப் பார்த்தால் நீலமே இல்லை. பழுப்பு மஞ்சளில் இலையின் நிழல்போல ஏதோ தெரிந்தது. சலவைத் தூளில் ஊறவைத்து அடித்திருக்கிறார்கள். அந்தத் தூளில் சலவைச் சோடா இருக்கிறது, சோடா என்றால் காரம், கிணறு ஓர் இரவில் செய்ததைத் தூள் பத்து நிமிடத்தில் செய்து முடித்துவிட்டது. முற்பணம் 12,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், துணிக் காசு என் கணக்கு. அவர்கள் கதைத்த விதம் இன்னும் காதில் நிற்கிறது, கள்ளச் சாயம் போட்டு ஏமாற்றியவள் என்ற தொனி. கழுவும் முறையை எழுதிக் கொடுக்காமல் துணியைக் கையைவிட்டு விடாதீர்கள். குளிர்ந்த தண்ணீர், குழந்தைகளுக்கான ஷாம்பு கொஞ்சம், நிழலில் உலர்த்தல். சவர்க்காரக் கட்டி, தூள், வெளுக்கும் திரவம் மூன்றும் கிட்டவும் வரக் கூடாது. நான் இப்போது இதை ஒரு சிறு துணித் துண்டில் எழுதி விரிப்பின் மூலையிலேயே தைத்துவிடுகிறேன்.

புகைப்படத்தையும் இந்த முறையில் அச்சிடலாம். படத்தின் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கி, போட்டோக் கொப்பிக் கடையில் ஓஎச்பி என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அடித்து, பூசிய கடதாசியின் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்த வேண்டும். லேசர் அச்சின் கறுப்பு போதிய அடர்த்தி இராது. ஒரே படத்தை இரண்டு தாளில் அடித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் ஒட்டினால் சரிவரும். தாள் கிடைக்காவிட்டால் சாதாரணக் கடதாசியில் அடித்துப் பின்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தாலும் வெளிச்சம் ஊடுருவும், நேரம் மட்டும் கூடுதலாக எடுக்கும். பக்கத்து வீட்டு மாமி தன் கணவரின் கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். 2009 இல் இடம் இடமாகப் போனபோது பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தது, ஒரு கன்னம் தண்ணீரில் கரைந்திருந்தது. அதைப் பெரிதாக்கி நீலத்தில் எடுத்துக் கொடுத்தேன். கறை நீலத்துக்குள் அமிழ்ந்து முகம் நன்றாகவே வந்தது. வாசலை நோக்கிய சுவரில் மாட்டியிருந்தார், சில மாதத்தில் வெளிறத் தொடங்கியது என்று கலங்கிப்போய் வந்தார். கழற்றி அலுமாரிக்குள் இருட்டில் வைக்கச் சொன்னேன். வெளிச்சத்தில் வெளிறிய இந்த நீலம் இருட்டில் காற்றுப் பட்டு இருக்கும்போது பெருமளவு திரும்பி வரும். காரத்தில் போனதுதான் திரும்பாது. மாமியின் படம் திரும்பி வந்தது. இப்போது வெயில் நேரே படாத உள்சுவரில் தொங்குகிறது. படத்துக்கு ஆசைப்பட்டுக் கேட்பவர்களுக்கு இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் படங்களை இழந்த சனம். வெளிறுகிற ஒரு முகத்தைப் பார்த்து அந்த மனுஷி பட்ட பதற்றம் எனக்கு விடுதிக்காரரின் ஏச்சைவிடப் பாரமாக இருந்தது.

ஐப்பசி கடைசியிலிருந்து மார்கழி வரை வேலையை நிறுத்திவிடுகிறேன். வெயில் இல்லாதது அரைக் காரணம். பூசியது இரவுக்குள் காய்வதில்லை என்பதுதான் மற்றது. ஈரத்தில் கிடந்தால் வெளிச்சம் படாமலே பூச்சு பச்சையிலிருந்து நீலத்துக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பிய கடதாசியைக் காப்பாற்ற வழியில்லை, எறிய வேண்டியதுதான். அந்த மாதங்களில் இலை அழுத்துவேன், கடதாசி வெட்டுவேன், பரலை நிரப்புவேன். காசைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: புதிதாகத் தொடங்குபவர் இரண்டு உப்பு, ஒரு கண்ணாடி, சில தாள் நல்ல கடதாசி, வினாகிரி எல்லாமாக 15,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். அதற்கு மேல் போனால் எங்கேயோ யாரோ உங்களை ஏமாற்றுகிறார்கள், அல்லது தண்ணீர் ஏமாற்றுகிறது. கையளவு வாழ்த்து அட்டை ஒன்றை நான் 450 ரூபாய்க்குக் கொடுக்கிறேன், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விலை பேசாமல் வாங்குகிறார்கள். துணி கேட்பவர்களிடம் சலவை விடயத்தை முதலில் சொல்கிறேன். பாதிப் பேர் அத்தோடு வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். போகட்டும்.